இன்னும் எத்தனை நிமிஷம், சார்?

இது பட்டப்பகலில் நடந்தது. ஆகையால் இருளில் கண் ஏமாந்தது என்று எவரும் சொல்ல இயலாது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்த ஓர் அறையில், நன்றாக விழித்திருந்த எனக்கு நேர்ந்தது. முப்பதாண்டுகள் பள்ளியில் ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுத்தவன் நான். பிள்ளைகளின் கட்டுரையில் ஒரு சொல் மிகையாக இருந்தாலும் அடித்துவிடுவேன். இதிலும் அவ்வாறே செய்திருக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், நடந்தது நடந்ததே.

பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரத்தில் அப்பொழுது நான் பணி ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. என் மனைவி அராசெலிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதுபட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பகல் ஒரு மணிக்குப் படுக்க வைத்தால் ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். அதன் பொருட்டே நான் மறுபடியும் வேலைக்குப் போனேன். அமெரிக்க வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசப்போகும் இளைஞர்களுக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுக்கும் வேலை. அங்கே பகலாக இருக்கையில் எங்களுக்கு இரவு. இரவெல்லாம் வகுப்பு, காலையில் வீடு.

சம்பளத்திற்காக நான் அங்கே சேரவில்லை. ஊழியரின் மனைவி மக்களுக்கும் சேர்த்து அந்நிறுவனம் மருத்துவக் காப்பீடு கொடுத்தது. அராசெலியின் உயிர் அந்தக் காப்பீட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டில் 'ஊழியர் நலத்திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்திற்கும் கீழே, இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும் ஓர் உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. அஃது எங்களுக்கு இலவசமாயிற்று. இலவசம் என்றால், போகாவிட்டால் குற்றம் என்று பொருள். மாதத்தில் எட்டு முறை போக வேண்டும்; ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் உள்ளே இருக்க வேண்டும். குறைந்தால், அடுத்த மாதம் குடும்பத்தாருக்குக் காப்பீடு கிடையாது. ஆளுக்கு ஒரு ரப்பர்க் கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். வாயிலில் ஆளுயரத்திற்கு ஓர் இரும்புச் சுழல்கதவு. பட்டையைக் காட்டினால் ஒரு சுற்று சுற்றி ஒருவரை மட்டும் விடும். சில பையன்கள் உள்ளே நுழைந்த கையோடு வெளியேறி ஏமாற்றப் பார்த்தார்கள். அதன்பின் நாற்பது நிமிடம் ஆகாமல் அந்தக் கதவு வெளியேயும் விடாதபடி மாற்றி அமைத்துவிட்டார்கள்.

"ஜெயில்லகூட ஒழுங்கா இருந்தா முன்னாடியே விடுவாங்க சார்" என்பான் ஜெர்வின்.

ஜெர்வின் என் வகுப்பில் படித்துத் தேறியவன். இருபத்தாறு வயது, பருத்த உடம்பு, எந்நேரமும் கழுத்தில் ஒரு மஞ்சள் துண்டு. காலையில் வேலை முடிந்ததும் நாங்கள் இருவரும் ஒன்றாகவே கீழே இறங்குவோம். சுவரோரம் இருக்கும் ஐந்தாம் எண் டிரெட்மில்லில் நான் நடப்பேன். அடுத்த ஆறாம் எண் அவனுடையது. அவன் ஓடமாட்டான், நடக்கவும் மாட்டான். பொறியை மெதுவாக ஓடவிட்டு, அதன் இரு விளிம்பிலும் காலை அகட்டி வைத்து நின்றுகொண்டிருப்பான்.

"சார், இன்னும் எத்தனை நிமிஷம்?"

"முப்பத்தெட்டு."

"அப்ப ரெண்டு நிமிஷம் ஓடிட்டேனா? அம்மாகிட்டச் சொல்லணும். பெருமைப்படுவாங்க."

"நீ எங்கடா ஓடுன?"

"மனசுக்குள்ள சார்."

இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை இதே கேள்வியைக் கேட்பான். நாற்பது ஆனதும் நான் என் பொறியை நிறுத்திவிட்டு, "முடிஞ்சுது. வா, போகலாம்" என்பேன். அதற்குப் பிறகுதான் அவன் அசைவான். சுவர்க் கடிகாரம் சொன்னாலும் கேட்கமாட்டான். நான் சொல்ல வேண்டும். அஃது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது.

ஒரு மாதத்தின் கடைசி வாரத்தில் ஜெர்வின் இறந்துபோனான். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அவ்வூரில் சவப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாரம் வரையில் உற்றாரும் நண்பரும் இரவெல்லாம் கண்விழிப்பார்கள். காபி, பிஸ்கட், ஒரு மூலையில் சீட்டாட்டம். உறக்கம் வராமலிருக்க உப்பிட்ட தர்பூசணி விதைகளைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை இரவு ஜெர்வினின் குழுவுக்கு விடுப்புக் கொடுத்தார்கள். குழுத்தலைவி மரிவிக் என்னையும் அழைத்தாள். எனக்கு வேறொரு வகுப்பு இருந்தது. ஆயினும் நடுவில் ஒரு மணி நேரமாவது போய்வர எண்ணியிருந்தேன்.

அராசெலி தடுத்துவிட்டாள்.

"நீ போகக்கூடாது, கிழவா."

"என்கிட்டப் படிச்ச பையன், செலி."

"தெரியும். இந்த வீட்ல சீக்காளி ஒருத்தி கெடக்கேன்ல? சாவு வீட்டுக்குப் போனவங்க நேரா வீட்டுக்கு வரக்கூடாது. வழியில எங்கயாவது நின்னு, ஒரு காபி குடிச்சு, கூட வந்தத அங்கயே உதறி விட்டுட்டுத்தான் வரணும். உனக்கு அதெல்லாம் எங்க நினைவு இருக்கும்? நேரா வந்து வாசல்ல நிப்ப."

"நான் என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா சொன்ன பேச்சக் கேக்கும்."

நான் போகவில்லை. மலர்வளையம் மட்டும் அனுப்பிவைத்தேன். அதில் எனக்கு நம்பிக்கை இருந்ததென்று சொல்லமாட்டேன். அவள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மாதத்தின் கடைசி நாள். என் கணக்கில் ஏழு வருகைகளே இருந்தன. இடையில் அராசெலி காய்ச்சலாய்க் கிடந்த வாரத்தில் நான் கீழே இறங்கவேயில்லை. எட்டாவது வருகை அன்றைக்கே முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் அடுத்த மாதம் அவளுக்கு டயாலிசிஸ் இல்லை. அன்றும் பகல் ஒரு மணிக்கு அவளை நான் அழைத்துப்போக வேண்டும். அவளால் தனியே படியிறங்க முடியாது.

வகுப்பு முடிந்து ஒன்பதே முக்கால் மணிக்கு நான் அடித்தளத்திற்கு வந்தேன். காவலர் பெர்ட்டிங் சுழல்கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

"இப்ப உள்ள யாரும் இல்ல சார். நீங்க ஒருத்தர்தான். நான் மேல போய் ஒரு வாய் சாப்பிட்டு வந்துடட்டுமா?"

"போங்க பெர்ட்டிங். நான் எங்க ஓடிடப்போறேன்?"

"ஓடத்தானே சார் வந்தீங்க."

சிரித்துக்கொண்டே படியேறிப் போய்விட்டார். பட்டையைக் காட்டினேன். கதவு ஒரு சுற்று சுற்றி என்னை உள்ளே விட்டது. இரும்பு இரும்போடு மோதும் 'டணங்' என்னும் ஓசை எனக்குப் பின்னால் கேட்டது.

நான் முதலில் உணர்ந்தது வாடையை. வியர்வையும் ரப்பரும் கலந்த வழக்கமான வாடையன்று. மெழுகுவத்தியை ஊதி அணைத்தால் எழுமே, அந்த வாடை. அதனோடு ஆறிப்போன காபி.

அடுத்து, ஆறாம் எண் டிரெட்மில். அதன் பட்டை மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எவனோ நிறுத்தாமல் போய்விட்டான் என்று எண்ணி, நானே நிறுத்தினேன். காலடியில் ஏதோ நொறுங்கிற்று. குனிந்து பார்த்தேன். தர்பூசணி விதைத்தோல். ஆறாம் எண்ணைச் சுற்றிலும் சிதறிக் கிடந்தது. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே தின்பது என்றுகூடத் தெரியவில்லை என்று நொந்துகொண்டு, ஐந்தாம் எண்ணில் ஏறி நடக்கத் தொடங்கினேன்.

சுவரில் ஒரு திரை உண்டு. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அது காட்டும். அதில் '2' என்று இருந்தது.

குளியலறைப் பக்கம் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. சரி, எவனோ குளிக்கிறான், பெர்ட்டிங் கவனிக்கவில்லை. அவ்வாறுதான் எண்ணினேன். நடந்தேன்.

தண்ணீர் ஓசை நின்றது. எவரும் வெளியே வரவில்லை.

சற்று நேரத்தில் பக்கத்தில் 'விர்ர்ர்' என்றது. ஆறாம் எண் மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்தது. மின்கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை நீட்டி நிறுத்தினேன். அதன் கைப்பிடி ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

நான் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தேன். என் பொறியில் நாற்பது என்று வந்தவுடன் இறங்கினேன். வாயிலுக்கு வந்து பட்டையைக் காட்டினேன்.

சிவப்பு விளக்கு.

'மீதம் 40 நிமிடம்' என்று எழுத்து ஓடிற்று.

தவறாகக் காட்டிவிட்டேனோ என்று மறுமுறையும் காட்டினேன். சிவப்பு. மூன்றாம் முறையும் சிவப்பு. மீதம் 40 நிமிடம். கதவைத் தோளால் தள்ளினேன். அசையவில்லை. "பெர்ட்டிங்" என்று உரக்க அழைத்தேன். மேலே படிக்கட்டில் என் குரல்தான் ஏறிப்போயிற்று.

கைப்பேசியில் தொடர்பு இல்லை. அந்த ஆழத்தில் எப்பொழுதும் கிடைப்பதில்லை. கதவருகே சுவரில் ஒரு தொலைபேசி மாட்டியிருந்தார்கள். எடுத்தால் காவலர் அறையில் மணியடிக்கும். எடுத்தேன். மணியடிக்கவில்லை. மறுமுனையில் எவரோ முன்னதாகவே எடுத்து வைத்திருந்தாற்போல் ஓர் ஓசை வந்தது.

விர்ர்ர்...

டிரெட்மில் ஓடும் ஓசை. அதே ஓசை எனக்குப் பின்னாலும் கேட்டது. இரண்டும் ஒன்றே.

தொலைபேசியை வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். ஆறாம் எண் ஓடிக்கொண்டிருந்தது.

குளியலறை நடையின் கோடியில், தீ விபத்துக்கென்று ஒரு கதவு இருந்தது. அதற்குப் பூட்டுக் கிடையாது, தள்ளினால் திறக்கும். விரைந்து போனேன். நடை முழுதும் ஈரக்காற்று. தரையில் ஈரமான காலடிகள் இருந்தன. அகலமான பாதம். அவை குளியலறையிலிருந்து புறப்பட்டு, நான் வந்த வழியே, டிரெட்மில்களை நோக்கிப் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

கதவைத் தள்ளினேன். ஒரு சாண் திறந்தது. வண்டிகள் நிறுத்துமிடத்தின் புகைநாற்றம் உள்ளே வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து கதவு திரும்பி வந்தது. முரட்டுத்தனமாக அன்று; மெதுவாக. பருத்த உடம்புக்காரன் ஒருவன் சோர்ந்துபோய் முதுகைச் சாய்த்தாற்போல், கனமாக, மெதுவாக...

மூடிக்கொண்டது.

அதன்பின் நான் எவ்வளவு தள்ளியும் அது அசையவில்லை.

வாயிலுக்கே திரும்பினேன். மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. அராசெலி இந்நேரம் உடுத்திக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் டயாலிசிஸ் தவறினால் அவள் கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டும். என் பயமெல்லாம் அப்பொழுது அதுதான். பட்டையைக் காட்டினேன்.

மீதம் 40 நிமிடம்.

சரி, இன்னொரு நாற்பது நிமிடம் உள்ளேயே இருந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். வேறு வழி தெரியவில்லை. ஆறாம் எண்ணுக்கு அருகில் போக மனம் வரவில்லை. கதவருகிலேயே, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, அசையாமல் நின்றேன்.

அங்கே விளக்குகள் ஆள் நடமாட்டத்தை அறிந்து எரிபவை. எவரும் அசையாத இடத்தில் தாமாகவே அணைந்துவிடும். நான் அசையாமல் நின்றேன் அல்லவா? முதலில் என் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது. பிறகு எடைதூக்கும் பலகைகளின் மேல். பிறகு கண்ணாடிச் சுவரின் மேல். ஒவ்வொன்றாக.

ஒரு விளக்கு மட்டும் அணையவில்லை.

ஆறாம் எண்ணுக்கு மேலே இருந்த விளக்கு.

கையை ஆட்டினால் என் விளக்கும் எரியும் என்று தெரியும். ஆட்டவில்லை. ஆட்டினால் நான் நிற்குமிடம் தெரிந்துவிடும் என்று தோன்றிற்று.

எவருக்குத் தெரிந்துவிடும்?

பொறியின் விளிம்பில் ஏதோ கனம் மாறியது. கிறீச்... இடக்காலிலிருந்து வலக்காலுக்கு.

பிறகு, விதை ஒன்று பல்லிடுக்கில் உடையும் ஓசை. டிக்.

பிறகு, மிக அருகில். என் வலக்காதுக்கு அருகில்.

"சார்..."

மூச்சு வாங்கியது அக்குரலுக்கு.

"இன்னும் எத்தனை நிமிஷம்?"

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"சார்... இன்னும் எத்தனை நிமிஷம்?"

மிரட்டலில்லை அக்குரலில். அதுதான் என்னைக் கலங்க வைத்தது. வீட்டுக்குப் போக விடமாட்டார்களா என்று கேட்கும் பிள்ளையின் குரல். எத்தனையோ காலைகளில் அதற்கு நான் விடை சொல்லியிருக்கிறேன். நாக்குக்குப் பழகிப்போன விடை.

"முடிஞ்சுது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வா, போகலாம்."

ஆறாம் எண் நின்றது.

பச்சை விளக்கு எரிந்தது.

கதவு என்னைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டது. டணங். படியில் ஓடி ஏறினேன். நாலு படி ஏறியிருப்பேன்.

பின்னால் கதவு இன்னொரு முறை சுற்றிற்று.

டணங்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருவில் வெயில் கொளுத்திற்று. ஜீப்னி என்னும் பயணிகள் வண்டி ஒன்று நின்றது, ஏறி உட்கார்ந்தேன். நெரிசலான நேரந்தான். ஆயினும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். காசைக் கைமாற்றி முன்னே அனுப்பினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

"ஒருத்தருக்குத்தான்."

அவர் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டார்.

நாள்தோறும் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடையில் நான் நிற்பேன். சூடான ரொட்டி வாங்கிக்கொண்டு, கடைக்காரியோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வீட்டுப்படி ஏறுவேன். அன்று அங்கேயும் நிற்கவில்லை. நேரமாகிவிட்டது. நேராக வீட்டுக்குப் போனேன்.

அராசெலி நான் எண்ணியபடியே பையோடு உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் எனக்குச் சோறும் கருவாடும் மூடி வைத்திருந்தாள்.

"என்ன கிழவா, இவ்வளவு நேரம்? ரொட்டி எங்க?"

"நேரமாயிடுச்சு. கெளம்பு, கெளம்பு."

அவள் என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"ஏம்ப்பா அங்கயே நிக்கிற? உள்ள வா. சாப்பிட்டியா? வா, சாப்பிடலாம்."

சோற்றுநேரத்தில் கண்ணில்பட்ட எவரையும் அவ்வாறு அழைப்பது அவ்வூர் வழக்கம். தெருவில் போகிறவனையும் அழைப்பார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போவான். அதற்கு ஒரு பொருளும் இல்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் எவரும் இல்லை.

"யாரக் கூப்பிட்ட?"

"உன் பின்னாலதானே வந்தான். குண்டுப் பையன். வேர்த்து ஊத்துது பாவம், துண்டால தொடச்சுக்கிட்டே நின்னான்." அவள் எட்டிப் பார்த்தாள். "உள்ள வந்துட்டான் போல."

அராசெலி ஜெர்வினை ஒருநாளும் கண்டதில்லை.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நோயாளியிடம் எதைச் சொல்வது? கைத்தாங்கலாகப் படியிறக்கி அழைத்துப்போனேன். ஒரு மணிக்குச் சரியாகப் படுக்கவைத்துக் குழாய்களைப் பொருத்தினார்கள். அவளுடைய கட்டிலருகே இருந்த இயந்திரத்தின் திரையில், எத்தனை நிமிடம் மீதம் என்று எண் குறைந்துகொண்டே வரும். வழக்கமாக அவள் அரை மணியில் உறங்கிவிடுவாள். அன்று உறங்கவில்லை.

"என்ன செலி?"

"அந்தப் பையன் தூங்க விடமாட்டேங்கறான்."

"எந்தப் பையன்?"

"இன்னும் எத்தனை நிமிஷம்னு கேட்டுக்கிட்டே இருக்கான். அங்க எழுதியிருக்கு, பாத்துக்கன்னேன். அத நம்பமாட்டானாம். யாராவது சொல்லணுமாம்."

மறுநாள் புதன்கிழமை இரவு வேலைக்குப் போனேன். என் எட்டு வருகைகளும் நிறைந்துவிட்டன என்று செய்தி வந்திருந்தது. அராசெலிக்கு அடுத்த மாதக் காப்பீடு உறுதி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது மரிவிக் என் மேசைக்கு வந்தாள்.

"நீங்க வராததே நல்லது சார். அவங்க அம்மா அழுதத உங்களால பாத்திருக்க முடியாது. விடியற வரைக்கும் இருந்தோம்."

"அப்புறம் வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"எப்படி சார் நேரா வீட்டுக்குப் போறது? எங்கயாவது நின்னு உதறணும்ல? எப்பவும் போற காபிக்கடை அன்னைக்குன்னு மூடிக் கெடக்கு. ஜிம் தெறந்துதானே இருக்கும்னு எல்லாரும் கீழ போயிட்டோம். மாசக் கடைசி வேற. உதறுனாப்பலயும் ஆச்சு, வருகை போட்டாப்பலயும் ஆச்சு."

"கீழ எங்க இருந்தீங்க?"

"அவன் டிரெட்மில் பக்கத்துலதான். பசங்க பையில விதை மிச்சம் இருந்துச்சு. கொறிச்சுக்கிட்டே அவனப் பத்திப் பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தோம். நாப்பது நிமிஷம் விடாதே அந்தக் கதவு." அவள் பேச்சை நிறுத்தினாள். "ஏன் சார் முகம் இப்படிப் போச்சு? அன்னைக்கு நீங்க கீழ போனீங்களா?"

"போனேன்."

"போயிட்டு... வீட்டுக்கு முன்னாடி எங்க நின்னீங்க?"

எங்கும் நிற்கவில்லை என்று தலையசைத்தேன். அவள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள்.

"பரவால்ல சார். கூட வந்தாலும் வாசலோட நின்னுடும்னு எங்கம்மா சொல்லுவாங்க. யாரும் உள்ள வான்னு கூப்பிடாம இருந்தாச் சரி." பிறகு தணிந்த குரலில் கேட்டாள். "யாரும் கூப்பிடலல்ல?"

வியாழக்கிழமை. டயாலிசிஸ் முடிந்ததும் அராசெலியை நேராக வீட்டுக்கு அழைத்துப் போகக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஓர் அங்காடிக்குப் போவோம், கூட்டம் மிகுந்த இடமாகப் பார்த்து உட்காருவோம், காபி குடிப்போம், விட்டுவிட்டு வருவோம். எதை, ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. மாலையில் வெளியே போகலாமா என்று மட்டும் கேட்டேன்.

"என்ன கிழவா, திடீர்னு காதல்?" என்று சிரித்தாள்.

நான்கு மணி அளவில் அவள் கண்மூடிப் படுத்திருந்தாள். நல்ல மூச்சு. செவ்வாய்க்கிழமை ரொட்டி வாங்காதது என் மனத்தில் முள்ளாய் இருந்தது. எதிர்த் தெருவில் கடை. போனேன். அங்கே வேண்டுமென்றே நெடுநேரம் நின்றேன். சட்டையை உதறினேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

திரும்பி வந்தபொழுது அவளுடைய கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

செவிலிப் பெண் என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். சின்னப் பெண்.

"எல்லாம் நல்லாத்தான் சார் இருந்துச்சு. ரத்த அழுத்தம்கூடச் சரியா இருந்துச்சு. உங்க பையன்கூடப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"கால்மாட்டுல நின்னாரே சார். மஞ்சத் துண்டு போட்டுக்கிட்டு. நான் டாக்டரக் கூப்பிட ஓடினேன். வந்து பாத்தா ஆளக் காணோம்."

"என்ன பேசுனா?"

"அவர்தான் ஏதோ கேட்டுக்கிட்டே இருந்தார். திரும்பத் திரும்ப. அம்மாவுக்குச் சலிச்சுப்போச்சு போல. ஆனா கோபப்படல சார். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க."

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"'முடிஞ்சுது. வா, போகலாம்'னாங்க."

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். ரொட்டிப் பை இன்னும் சூடாகவே இருந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள், அதன் எண் மட்டும் அப்படியே நின்றிருந்தது. மீதம் நாற்பது நிமிடம்.

அடித்தளத்தில் அன்று நான் சொன்ன அந்தச் சொற்களை அராசெலியிடம் நான் சொல்லியிருக்கவில்லை. எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.